நான்காம் மாடி வீடும் முறிந்த காலும்: ரங்கூன் படிக்கட்டில் எந்த வழி நல்லது?

காளியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, நான்காம் மாடியில் எங்கள் வீடு. லிஃப்ட் கிடையாது. இருபது ஆண்டுகளாக ஏறி இறங்கியும் அந்தப் படிகளை நான் எண்ணியதில்லை. ஜூன் மாத மழையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வலது கணுக்கால் முறிந்தது. மாவுக்கட்டோடு, சைக்கா என்னும் சைக்கிள் ரிக்ஷாவில் வந்து, கட்டட வாசலில் அண்ணாந்து பார்த்த மாலையில்தான் முதன்முதலாக எண்ணச் சொன்னேன். மகன் மேலே போய்த் திரும்பி வந்து சொன்னான்: 72.

ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. அன்று வாசலில் கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மகன் முதுகில் சுமக்கிறேன் என்றான். இரண்டாம் மாடிக்காரர், கக்கத்தில் வைத்து நடக்கும் ஊன்றுகட்டை இரண்டையும் ஊன்றி மெதுவாக ஏறிவிடலாம் என்றார். மனைவி, ஒருமுறை மேலே போய்விட்டால் ஆறு வாரமும் இறங்கவே வேண்டாம் என்றாள். ஆற்றுக்கு அக்கரையில் தன்லினில் இருக்கும் தங்கை தொலைபேசியில், "அண்ணா, எங்கள் வீட்டில் படியே இல்லை, இங்கே வந்துவிடுங்கள்" என்றாள். அந்த ஆறு வாரத்தில் ஏறக்குறைய எல்லா வழியையும் ஏதோ ஒரு நாளில் நான் செய்து பார்த்துவிட்டேன். இதே நிலையில், இதே மாதிரிக் கட்டடத்தில் இருப்பவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு விஷயங்களை முடிவு செய்துகொள்ளுங்கள். ஒன்று, உங்கள் மருத்துவர் காலில் எவ்வளவு பாரம் போட அனுமதித்திருக்கிறார் என்பது. அறவே ஊன்றக் கூடாது என்பது ஒரு நிலை. நுனி விரல் மட்டும் தரையைத் தொடலாம் என்பது வேறு. பாதி எடை போடலாம் என்பது இன்னொன்று. இது தெரியாமல் எந்த வழியையும் ஒப்பிட முடியாது. கேட்க மறந்திருந்தால் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். இரண்டாவது, வழியை எடைபோடும்போது இறங்குவதை வைத்து எடைபோட வேண்டும். ஏறுவது மூச்சு வாங்கும், ஆனால் தடுமாறினால் முன்பக்கப் படியில் கை ஊன்றிக்கொள்ளலாம். இறங்கும்போது தடுமாறினால் முன்னால் இருப்பது வெறும் காற்று. அதோடு, முழு உடம்பையும் ஒற்றை முழங்காலை மடக்கித்தான் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. முதல் ஐந்து படியில் சுலபமாக இருக்கும் வழி நாற்பதாவது படியில் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் அதை நம்ப வேண்டும்.

உங்கள் படிக்கட்டு எப்படிப்பட்டது என்பதும் கணக்கில் வரும். வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடங்கள் சிலவற்றில் அகலமான தேக்குமரப் படிகளும், உள்ளங்கை முழுக்கப் பற்றிக்கொள்ளும் தேக்குக் கைப்பிடியும் இன்னும் இருக்கின்றன. மரம் தேய்ந்து நடுவில் பள்ளம் விழுந்திருக்கும், ஆனாலும் அந்தப் படிகள் தாழ்வானவை, பாதம் முழுக்க வைக்கலாம். பிற்காலத்தில் எழுந்த ஒடுக்கமான சிமெண்டுக் கட்டடங்களில் படிகள் செங்குத்தானவை. திருப்பத்தில் தட்டையான இடம் விடாமல், முக்கோண வடிவப் படிகளாகவே சுற்றிக்கொண்டு போகும். கைப்பிடி உள்பக்கத்தில் இருக்கும். அந்த உள்பக்கத்தில்தான் படி குறுகி, கால் வைக்க இடமில்லாமல் போகும். எங்கள் கட்டடம் இந்த வகை. மூன்றாம் மாடிக்கு மேல் கைப்பிடிக் கம்பியும் அப்போது இருக்கவில்லை.

இனி வழிகள். இரண்டாம் மாடிக்காரர் சொன்னதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். கைப்பிடியைத் தொடாமல், இரண்டு கக்கத்திலும் கட்டையோடு ஏறுவது. சமதரையில் கட்டையோடு நன்றாக நடக்கப் பழகிய இளைஞருக்கு, மூன்று நான்கு படிகளுக்கு இது போதும். கடை வாசல் படி, கோயில் வாசல் படி போன்றவற்றுக்குச் சரி. மாடிப்படிக்கு வேண்டாம். மழைக்காலத்தில் எங்கள் படிக்கட்டில் சாரல் அடிக்கும், பாசி படியும், யாரோ துப்பிய வெற்றிலை எச்சிலும் கிடக்கும். அவற்றின் மேல் இரண்டு ரப்பர் குமிழ்களை மட்டும் நம்பி நிற்பதைத் துணிச்சல் என்று நான் சொல்ல மாட்டேன்.

கைப்பிடி இருந்தால் கதை மாறுகிறது. ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, இரண்டு கட்டைகளையும் சேர்த்து மறு கக்கத்தில் வைத்துக்கொள்வது; அல்லது ஒரு கட்டையை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொன்றைத் துணைக்கு வருபவரிடம் கொடுத்துவிடுவது. ஏறும்போது நல்ல கால் முதலில் மேல் படிக்குப் போகும். கைப்பிடியையும் கட்டையையும் அழுத்தி உடம்பை உயர்த்திய பிறகு, முறிந்த காலும் கட்டையும் பின்னால் வரும். இறங்கும்போது நேர்மாறு: கட்டை முதலில் கீழ்ப்படிக்குப் போகும், முறிந்த கால் அதோடு முன்னால் நீளும், நல்ல கால் கடைசியில் வரும். "ஏற நல்ல கால், இறங்க நோகிற கால்" என்று என் மனைவி ஒவ்வொரு படியிலும் சொல்லிக்கொண்டே வருவாள். களைத்துப் போன நேரத்தில் வரிசை மறந்துவிடும், அதனால் இப்படி ஒருவர் சொல்லிக்கொண்டு வருவது மிகவும் உதவியது.

பலர் யோசிக்காத ஒன்று: ஏறும்போது வலக்கைப் பக்கம் இருக்கும் கைப்பிடி, இறங்கும்போது இடக்கைப் பக்கம் வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு மட்டும் பழகிவிட்டு மேலே போய்விட்டால், இறங்குவதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும், அதுவும் உயரத்தில் நின்றுகொண்டு. ஆகவே கீழே இரண்டு படிகளிலேயே ஏற்றம் இறக்கம் இரண்டையும் பத்து முறை பழகிக்கொள்ளுங்கள். கைப்பிடியையும் முதலில் பலமாக ஆட்டிப் பார்க்க வேண்டும். துருப்பிடித்த கம்பி எடையைத் தாங்கும் என்று சும்மா நினைத்துக்கொள்ளக் கூடாது. கைப்பிடி இல்லாத இடத்தில் கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கயிறு தொய்ந்து ஆடும், உடம்பும் அதோடு சேர்ந்து ஆடும். வேண்டாம்.

துணைக்கு வருபவர் எங்கே நிற்க வேண்டும் என்பதில் வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது. எப்போதும் கீழ்ப்பக்கம்தான். ஏறும்போது உங்களுக்குப் பின்னால் ஒரு படி கீழே. இறங்கும்போது உங்களுக்கு முன்னால் ஒரு படி கீழே. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. அது உங்கள் சமநிலையைக் கெடுக்கும். இடுப்பில் அகலமான பெல்ட் கட்டிக்கொண்டு அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். மகன் முதல் நாள் மேலே நின்றுகொண்டு என் தோளைப் பிடித்து இழுத்தான். பாசத்தில் செய்ததுதான், ஆனால் நான் விழுந்திருந்தால் என்னோடு அவனும் உருண்டிருப்பான்.

உட்கார்ந்து போவது இன்னொரு வழி. என் தேர்வு இதுதான், குறைந்தது முதல் இரண்டு வாரத்துக்கு. இயன்முறை மருத்துவர் இதைச் சொன்னபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. ஐம்பது வயதைக் கடந்தவன், தெருவில் நாலு பேர் மதிக்கும் கடைக் கணக்கன், குழந்தை மாதிரிப் படியில் தவழ்ந்து போவதா என்று இருந்தது. அந்தக் கூச்சத்தால் முதல் நாள் கட்டையோடு ஏறினேன். இரண்டாம் மாடியில் நல்ல காலின் தொடை நடுங்க ஆரம்பித்தது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அங்கேயே உட்கார்ந்தேன். மிச்சப் படிகளை உட்கார்ந்தபடியேதான் ஏறினேன். அதன் பிறகு எனக்குக் கூச்சம் வரவில்லை.

செய்யும் முறை எளிது. கீழிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது படியில், மேலே போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். முறிந்த காலை முன்னால் நீட்டி வைத்துக்கொள்ளுங்கள், அது எங்கும் இடிக்கக் கூடாது. இரண்டு கையையும் பின்னால் உள்ள படியில் ஊன்றி, நல்ல காலால் உந்தி, பிட்டத்தை அடுத்த படிக்கு ஏற்றுங்கள். இறங்குவதும் அதே முகமாக, ஒவ்வொரு படியாகக் கீழே. விழுவதற்கு உயரமே இல்லாததால் எங்கே வேண்டுமானாலும் நின்று மூச்சு வாங்கலாம். நான் பன்னிரண்டு படிக்கு ஒருமுறை நின்றேன். மூன்றாம் மாடிப் பாட்டி கதவைத் திறந்து தண்ணீர் கொடுப்பார்கள். முக்கோணப் படித் திருப்பத்தில் எந்தக் கட்டையாலும் கிடைக்காத நிம்மதி இதில் கிடைத்தது. வெளிச்சுவர்ப் பக்கம் படி அகலமாக இருக்கும் இடத்தில் உட்கார்ந்தபடியே திரும்பிவிடலாம். மின்சாரம் போய்ப் படிக்கட்டு இருண்டுவிடும் நேரத்திலும் அடுத்த படி எங்கே என்று கை சொல்லிவிடும்.

குறைகளும் உண்டு. மணிக்கட்டும் தோளும் வலிக்கும். மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு 72 முறை கையை ஊன்றுவது முடியாத காரியம். கட்டைகளை யாராவது தூக்கி வர வேண்டும். தனியாக இருப்பவர் ஒவ்வொரு நாலு படிக்கும் கட்டையை மேலே தள்ளி வைத்துக்கொண்டு போகலாம், ஆனால் அது பெரிய தொல்லை. பண வசதி இருந்தால் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று மேலே வாசலில், ஒன்று கீழே தெரிந்த கடையில். எனக்குப் பழைய மரக்கட்டை ஒரு ஜோடி இரவலாகக் கிடைத்தது. இன்னொன்று, துணி விரித்து அதன் மேல் உட்காராதீர்கள், அது வழுக்கும். பழைய கால்சட்டை ஒன்றைப் படிக்கட்டுக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

இந்த வழியின் உண்மையான கஷ்டம் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும்: தரையிலிருந்து ஒற்றைக் காலில் எழுவது. முதல் நாள் மூன்று பேர் தூக்கி நிறுத்தினார்கள். மறுநாள் மனைவி கண்டுபிடித்தாள், நம் தெருவோர டீக்கடைகளில் உட்காரப் போடுகிற முழங்கால் உயரம்கூட இல்லாத சின்ன முக்காலியை. கடைசிப் படியிலிருந்து அந்த முக்காலிக்கு, அதிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டையைப் பிடித்து நிற்க. மூன்று சிறு ஏற்றங்களாகப் பிரிந்துவிட்டதால் ஒருவர் துணையே போதுமானதாயிற்று. முக்காலி நகராதபடி சுவரோடு சேர்த்து வைத்து, துணைக்கு இருப்பவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தூக்கிப் போவதைப் பற்றி. முதுகில் சுமப்பது அறவே கூடாது. சுமப்பவருக்குத் தன் கால் வைக்கும் இடம் தெரியாது. அவர் சறுக்கினால் இருவரும் விழுவார்கள், முறிந்த கால்தான் முதலில் சுவரில் மோதும். நாற்காலியில் தூக்குவது வேறு. கைகள் உள்ள கனமான மர நாற்காலி, முதுகுப் பக்கம் ஒருவர், முன்கால்களைப் பிடித்து ஒருவர், வழி சொல்ல மூன்றாமவர். ஏறினாலும் இறங்கினாலும் உட்கார்ந்திருப்பவர் முகம் கீழ்ப்பக்கம் பார்த்திருக்க வேண்டும், நாற்காலி சற்றுப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். பயத்தில் கைப்பிடியை எட்டிப் பிடித்துவிடாமல் கைகளை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி உடைந்துவிடும், அதை எடுக்கவே எடுக்காதீர்கள். தூக்கும் முன் வெறும் நாற்காலியைத் திருப்பங்களில் கொண்டுபோய்ப் பாருங்கள். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடித் திருப்பத்தில் அது திரும்பவே இல்லை. பரஹித என்று பர்மியர் சொல்லும் தன்னார்வக் குழுக்களில் நோயாளிகளை மாடியிலிருந்து இறக்கிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கையும் முறிந்தவர்கள் இவர்களுக்கு இதுவே சரியான வழி. தினமும் இதைக் கேட்க முடியாது. மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இறங்காமலே இருந்துவிடுவது என்ற மனைவியின் யோசனை நம் ஊரில் சுலபமாகத் தோன்றும். ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெருவுக்குக் கயிறு தொங்குகிறது. நுனியில் கிளிப்போ பையோ இருக்கும், மணி கட்டியிருக்கும். காய்கறி, செய்தித்தாள், சாவி எல்லாம் அதில் ஏறிவிடும். மருந்தும் ஏறிவிட்டது. நான் பன்னிரண்டு நாள் இப்படி இருந்தேன். கோயில் மணி கேட்கும், போக முடியாது. மனது வாடுவது ஒரு பக்கம். அதைவிட இரண்டு காரணங்களுக்காக இந்த வழியை முழுதாக நம்ப வேண்டாம் என்கிறேன். அசையாமல் படுத்திருக்கும் காலில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. வீட்டுக்குள்ளாவது நாளில் பலமுறை கட்டையோடு நடக்க வேண்டும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ, கட்டுக்கு வெளியே விரல்கள் நீலம் பாரித்து மரத்துப் போனாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது எப்படி இறங்குவது என்று முன்னமே தெரிந்திருக்க வேண்டும். மற்றொன்று நிலநடுக்கம். 2025 மார்ச் 28 அன்று மண்டலே, சகாய்ங் பக்கம் 7.7 அளவில் பூமி குலுங்கியபோது இங்கும் உணர்ந்தோம். மாடியில் இருந்துகொண்டு இறங்கத் தெரியாமல் இருப்பது என்றால் என்ன என்று அதற்குப் பிறகு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. குலுங்கும்போது படிக்கட்டுக்கு ஓடக் கூடாதுதான். ஓய்ந்த பிறகு எப்படியும் இறங்கித்தானே ஆக வேண்டும்.

தங்கை வீடு கடைசி. நேர்மையாகச் சொன்னால், அறுபது வயது கடந்தவருக்கும், வீட்டில் பலமான ஆள் துணை இல்லாதவருக்கும், வேறு எதையும் ஒப்பிட வேண்டாம்: தரைத்தள வீட்டுக்குப் போய்விடுங்கள். ஒரே ஒருமுறை இறங்கினால் போதும். நான் போகாததற்குக் காரணம் கடைக் கணக்கு. தன்லினிலிருந்து ஆற்றுப் பாலம் தாண்டி வந்து போவது அந்தக் காலோடு நடக்காது. என் அம்மாவுக்கு இப்படி ஆகியிருந்தால் அன்றே அனுப்பியிருப்பேன். சொந்தக்காரர் வீட்டில் ஆறு வாரம் தங்குவதா என்று தயங்குகிறவர்கள் பலர். கேட்டுப் பாருங்கள். நம் தயக்கம்தான் பெரிதாக இருக்கும், அவர்கள் பாயை ஏற்கெனவே விரித்து வைத்திருப்பார்கள்.

கட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கக்கத்தில் வைக்கும் கட்டையின் மேல் நுனிக்கும் கக்கத்துக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை முழுவதும் உள்ளங்கையில்தான் விழ வேண்டும். கக்கத்தில் தொங்கினால் அங்கே ஓடும் நரம்பு அழுந்தி, மணிக்கட்டைத் தூக்க முடியாதபடி கை தொங்கிப் போகக்கூடும். கட்டையில் கை பிடிக்கும் இடம் மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில், முழங்கை சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கட்டும். முன்னங்கையில் வளையமாக மாட்டும் கட்டை கிடைத்தால், படிக்கட்டில் அது வசதி: படிக்கட்டின் கைப்பிடியைப் பிடிக்கும்போது வளையம் கையிலேயே தொங்கும், கீழே விழாது. ஆனால் அதற்குக் கையில் அதிக பலம் வேண்டும். நாலு கால் நடைச்சட்டத்தையும் சக்கர நாற்காலியையும் படியில் நினைக்கவே வேண்டாம். அடி ரப்பரை வாரம் ஒருமுறை பாருங்கள், வரி தேய்ந்து மழமழத்தால் மாற்றிவிடுங்கள்.

கைலி கட்டுகிறவர்கள் அதைப் படிக்கட்டுக்கு முன் கழற்றிவிட வேண்டும். நான் பிறந்ததிலிருந்து கைலிதான். மடித்துக் கட்டினால் போதும் என்று நினைத்தேன். நாலாவது படியில் அவிழ்ந்து கட்டையின் நுனியில் மாட்டியது. நல்ல காலுக்கு ரப்பர் செருப்பும் வேண்டாம், பின்பக்கம் வார் உள்ள காலணி போடுங்கள். மின்வெட்டு நேரத்துக்கு நெற்றியில் கட்டும் விளக்கு ஒன்று வாங்கினோம். கையில் டார்ச் பிடிக்க மூன்றாவது கை நமக்கு இல்லை.

என் ஆறு வாரம் இப்படிப் போனது: வந்த முதல் நாள் இரண்டாம் மாடி வரை கட்டையோடும் அதற்கு மேல் உட்கார்ந்தும் ஏறினேன், பன்னிரண்டு நாள் இறங்கவில்லை, அதன் பிறகு மூன்றாம் வாரம் முழுக்க உட்கார்ந்தே போய் வந்தேன். நாலாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாடி வரை கைப்பிடியும் கட்டையும், அதற்கு மேல் கம்பி இல்லாத பகுதியில் மீண்டும் உட்கார்ந்து. ஒரு நாளைக்கு ஒருமுறைக்கு மேல் ஏறவில்லை. மதியச் சாப்பாடு கடைக்கே வந்தது. கட்டுப் பிரித்த பிறகும் காலில் பலம் வர வாரக்கணக்கில் ஆயிற்று, அதுவரை கட்டையை விடவில்லை.

கம்பி இல்லாத அந்தப் பகுதியைப் பற்றி நான் புலம்பிக்கொண்டே இருந்ததில், மேல் மாடிக் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து பணம் போட்டார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு வெல்டிங்காரர் வந்து, சுவரில் இரும்புக் குழாய் பதித்துவிட்டுப் போனார். ஐந்தாம் மாடியில் இருக்கும் எண்பது வயதுப் பர்மியப் பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டு காலையில் டீக்கடைக்கு இறங்கிப் போகிறார்.